‘கஸ்டமர்’ என்றால் யார்?

ஆர்டர் சாஃப்ட்வேரில் குவான்டிட்டி 12 என்றால் 12 பெட்டி. குடோன் சாஃப்ட்வேரில் 12 என்றால் 12 பீஸ். இரண்டிலும் ஃபீல்டின் பெயர் ஒன்றே. எலக்ட்ரானிக் சிட்டி ஆபீசில் உட்கார்ந்து இரண்டையும் நேராகக் கோத்தவன் நான்தான். நெலமங்கலா குடோனிலிருந்து கோயம்புத்தூர் கடைக்கு 12 பெட்டி போக வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பெட்டி போய் இறங்கியது. குடோன் சூப்பர்வைசர் தர்மபுரிக்காரர். “சார், பன்னெண்டுன்னு வந்தா நான் பன்னெண்டு பீஸுதான் சார் எடுப்பேன்” என்றார். அவர் மேல் என்ன தப்பு?

அதற்குப் பிறகுதான் பொது டேட்டா மாடலைக் கையில் எடுத்தேன். ஒவ்வொரு சிஸ்டமும் தன் பாஷையை விடாமல் இருக்கும்; வெளியே அனுப்பும்போது மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். எல்லாருக்கும் இது தேவைப்படாது. 3 சிஸ்டத்தை நேரடியாக ஒன்றோடொன்று இணைத்தால், போக ஒன்று வர ஒன்று என்று 6 மேப்பிங், அதாவது ஒரு வடிவத்தின் ஃபீல்டை இன்னொன்றின் ஃபீல்டாக மாற்றும் வேலை. பொது மாடல் வைத்தாலும் அதே 6. சிஸ்டம் இரண்டே என்றால் நஷ்டம்தான். 6 சிஸ்டம் ஆகும்போது 30 மேப்பிங் வேலை 12 ஆகக் குறைகிறது. இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, உடனே டேட்டாபேஸ் டேபிள்களைத் திறக்காதீர்கள். சேல்ஸ், அக்கவுண்ட்ஸ், குடோன் ஆட்களை ஒரே மேஜையில் உட்கார வைத்து, “கஸ்டமர் என்றால் யார்?” என்று கேளுங்கள். எங்கள் மீட்டிங்கில் அந்த ஒரு கேள்விக்கே இரண்டு காபி ஆனது. சேல்ஸுக்கு, போன் போட்டு ஆர்டர் சொல்கிறவர். அக்கவுண்ட்ஸுக்கு, ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர். குடோனுக்கோ சரக்கு இறங்கும் கதவு. ஆகவே மாடலில் ‘கஸ்டமர்’ என்ற சொல்லையே தூக்கிவிட்டு, ஆர்டர் தருபவர், பில் பெறுபவர், டெலிவரி இடம் என்று மூன்றாகப் பிரித்தோம்.

ஜிஎஸ்டி எண்ணையே அடையாளமாக வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். கேட்க நன்றாக இருக்கும், செய்துவிடாதீர்கள். ஒரே கம்பெனிக்குப் பெங்களூரில் 29 என்று தொடங்கும் எண், சென்னையில் 33 என்று தொடங்கும் எண். அடுத்த 10 எழுத்து, அதாவது பான், இரண்டிலும் ஒன்றுதான். நீங்களே ஒரு ஐடி கொடுத்து, எந்த சிஸ்டத்தில் அதற்கு என்ன எண் என்று தனி டேபிளில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபீல்டுகளில் கறாராக இருங்கள். யூனிட் இல்லாமல் குவான்டிட்டி வரக்கூடாது. பணம் பைசாவில், முழு எண்ணாக. தேதி வருடத்தில் தொடங்கட்டும். 03/04 என்று வந்தால் அது மார்ச்சா ஏப்ரலா என்று யாருக்கும் தெரியாது. நேரத்தோடு, இந்திய நேரம் என்று காட்டும் +05:30 ஒட்டியே இருக்கட்டும். பின்கோடு, போன் நம்பர் எல்லாம் டெக்ஸ்ட்தான். அவற்றை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. ஃபீல்டுகளுக்குப் பெயர் வைக்க மூளையைக் கசக்க வேண்டாம். ஆர்டர், பில் போன்றவற்றுக்கு ஓயாசிஸ் என்ற தர அமைப்பு வகுத்த யூபிஎல் என்ற பொது வடிவம் இருக்கிறது, நம் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் ஸ்கீமா (அதன் ஃபீல்டு பட்டியல்) இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடல் பெருத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நிஜமான வேலை. ஆளுக்கு ஆள் “இதையும் சேர்த்துக்குங்க” என்பார்கள். இரண்டு சிஸ்டமாவது பரிமாறிக்கொள்ளாத எதுவும் உள்ளே வரக்கூடாது. அக்கவுண்ட்ஸ் ஆட்கள் காஸ்ட் சென்டர் கோடு, அதாவது செலவு எந்தப் பிரிவுடையது என்று காட்டும் குறியீடு, கேட்டார்கள்; நான் சேர்க்கவில்லை. அவர்கள் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பின்னால் புது ஃபீல்டு வந்தால், கட்டாயமில்லாததாகச் சேர்க்கலாம். இருக்கும் ஃபீல்டின் அர்த்தம் மாறுகிறதென்றால் புது வெர்ஷன் போடுங்கள். எல்லாரும் மாறும்வரை பழையதும் ஓடட்டும். தெரியாத யூனிட் வந்தால் மேப்பிங் ஊகிக்கக்கூடாது. அந்த மெசேஜை ஒதுக்கி வைத்து ஆளைக் கூப்பிடட்டும்.

லைவ் போகும் முன், நிஜமான 10 ஆர்டரை ஒரு சிஸ்டத்திலிருந்து பொது மாடலுக்கு மாற்றி, அங்கிருந்து திரும்ப அதே சிஸ்டத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். எங்களுக்கு மூன்றாவது ஆர்டரிலேயே மாட்டியது: கடைப் பெயரின் கடைசியில் இருந்த ‘அண்ட் சன்ஸ்’ வெட்டுப்பட்டுப் போயிருந்தது. பெயருக்கு நான் 30 எழுத்துதான் கொடுத்திருந்தேன்.