அட்டவணைகளுக்கு இடையே தரவை நகலெடுக்கும் எஸ்க்யூஎல் செயற்கூறு

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ‘ஆணைகள்’ என்ற அட்டவணையிலிருந்து, குறிப்பிட்ட தேதிக்கு முந்தைய பதிவுகளை மட்டும் ‘பழைய_ஆணைகள்’ என்ற அட்டவணைக்கு நகலெடுக்க வேண்டும் என்று கொள்வோம். மாதந்தோறும் செய்ய வேண்டிய வேலை இது என்றால், ஒரே ஒரு தேதியை உள்ளீடாக ஏற்கும் செயற்கூறாக (ஃபங்ஷன், அதாவது பெயரிட்டுச் சேமித்து வேண்டும்போது அழைக்கும் கட்டளைத் தொகுப்பாக) எழுதி வைத்துக்கொள்வதே நல்லது. அதன் மையப் பகுதி இதுதான். கட்டளைச் சொற்களின் ஒலிப்பை மட்டும் தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே இட வேண்டும்.

இன்சர்ட் இன்டு பழைய_ஆணைகள் (எண், முகவரி, தொலைபேசி, தேதி)
செலக்ட் எண், முகவரி, தொலைபேசி, தேதி
ஃபிரம் ஆணைகள்
வேர் தேதி < எல்லைத்_தேதி
ஆன் கான்ஃபிளிக்ட் (எண்) டூ நத்திங்;

நெடுவரிசைகளின் பெயர்களை இரண்டு இடங்களிலும் முழுமையாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். நட்சத்திரக் குறியிட்டு ஒரே சொல்லில் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் தரவுத்தளம் நெடுவரிசைகளைப் பொருத்துவது பெயரை வைத்து அன்று, அவை நிற்கும் வரிசையை வைத்தே. ஓர் அட்டவணையில் முகவரியும் மற்றொன்றில் தொலைபேசியும் இரண்டாவதாக இருந்து, இரண்டும் உரை வகையாகவே அமைந்துவிட்டால், முகவரிக்குரிய இடத்தில் தொலைபேசி எண் போய் உட்கார்ந்துகொள்ளும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. நகலெடுப்பில் நான் மிகவும் அஞ்சுவது இத்தகைய ஓசையற்ற பிழையைத்தான்.

கடைசி வரி, செயற்கூறு தவறுதலாக இரண்டு முறை இயங்கினாலும் ஒரே பதிவு இரட்டிக்காமல் காக்கிறது. போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் கிடைக்கும் இவ்வசதிக்கு, இலக்கு அட்டவணையின் ‘எண்’ நெடுவரிசை முதன்மைத் திறவுகோலாகவோ (பிரைமரி கீ) தனித்துவக் கட்டுப்பாடு (யூனிக்) உடையதாகவோ, அதாவது ஒரே மதிப்பு இருமுறை வர இடந்தராததாக, இருந்தாக வேண்டும். ஏற்கெனவே நகலான பதிவு மூல அட்டவணையில் பின்னர் திருத்தப்பட்டிருந்தால் அந்தத் திருத்தம் இதன்வழி வந்து சேராது. அதற்கு ‘டூ அப்டேட்’ தேவை.

தேதி ‘நல்’ ஆக, அதாவது மதிப்பே இடப்படாமல், உள்ள பதிவுகளும் விடுபடும், ஏனெனில் ‘நல்’ உடனான ஒப்பீடு ஒருபோதும் உண்மையாகாது.

இப்பகுதியைப் ‘பிகின்’, ‘எண்ட்’ ஆகியவற்றுக்கு இடையே வைத்து, ‘கெட் டயக்னாஸ்டிக்ஸ்’ கட்டளையால் ‘ரோ_கவுண்ட்’ மதிப்பை (நகலான பதிவுகளின் எண்ணிக்கையை) ஒரு மாறியில் பெற்று, அதையே ‘ரிட்டர்ன்’ செய்யுங்கள். நூறு பதிவுகளை எதிர்பார்த்த இடத்தில் பூஜ்ஜியம் திரும்பினால் அப்போதே தெரிந்துவிடும். உள்ளீட்டு மாறிக்கு ‘தேதி’ என்று நெடுவரிசையின் பெயரையே இட்டால், பெயர் எதைக் குறிக்கிறது என்ற குழப்பத்தால் செயற்கூறு இயங்கும்போது பிழை எழும்; ‘எல்லைத்_தேதி’ என்று வேறுபடுத்தியது அதனால்தான்.

மைக்ரோசாஃப்டின் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரில் பயனர் எழுதும் செயற்கூறுகள் அட்டவணையை மாற்ற இயலாது; அங்கே இதை ஸ்டோர்டு புரொசீஜராகவே எழுத வேண்டும்.

முதன்முறை இயக்கும்போது, செயற்கூறுக்கு வெளியே ‘பிகின்’ என்று பரிவர்த்தனையைத் (டிரான்சாக்ஷன்) தொடங்கிச் செயற்கூறை அழையுங்கள். பிறகு இரு அட்டவணைகளிலும் ஒரே எண்ணுடைய நான்கைந்து பதிவுகளை நெடுவரிசை நெடுவரிசையாக ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் மாற்றத்தை நிலைப்படுத்த ‘கமிட்’, இல்லையென்றால் அதைத் திரும்பப் பெற ‘ரோல்பேக்’ கொடுங்கள்.