இரணைமடு நிரம்புவதைக் காதால் கேட்க

மழைக் கணக்கையும் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தையும் கரும்பலகையில் எழுதினால் என் வகுப்புப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் அவற்றை ஒலியாக்கினோம். ஒரு கணினி, இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிற்றி (Audacity) என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள், ஒலி பதியக் கைபேசி, இவ்வளவும் போதும்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான 92 நாள்களை எடுங்கள். நாளுக்கு ஒரு விநாடி. மழை மில்லிமீற்றரில், மட்டம் அடியில். காலை 8.30க்கு அளக்கும் மழை அதற்கு முந்தைய 24 மணித்தியாலத்துக்குரியது. திகதியைப் பொருத்தும்போது இதில்தான் பலர் வழுக்குவார்கள்.

நானும் வழுக்கினேன், வேறோர் இடத்தில். மழை கூடக் கூடச் சுரம் ஏறட்டும் என்று முழுவதையும் மோகன ராகத்தில் நாதஸ்வரத்துக்குக் கொடுத்தேன். அதைக் கேட்ட, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சிரித்தார்: “தம்பி, வெள்ளத்துக்கும் கலியாண மேளமோ?”

மழை விழுவது, குளம் நிற்பது. எனவே மழைக்குப் பறை, மட்டத்துக்கு நாதஸ்வரம்.

10 மில்லிமீற்றருக்குப் பறையில் ஓர் அடி. 100 பெய்த நாளில் ஒரே விநாடிக்குள் பத்து அடி. மழையில்லாத நாளை வெறுமையாக விடுங்கள், அந்த அமைதியும் தரவுதான். ஒரே அடியைப் பிரதி செய்து ஒட்டினால் தையல் இயந்திரம் போலிருக்கும். பறை அடிப்பவரைப் பன்னிரண்டு முறை அடிக்கச் சொல்லிப் பதிந்து, நல்ல நான்கை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

நாதஸ்வரத்துக்குக் குளமே வழி காட்டுகிறது. குளத்தைத் திருத்தியமைத்த பின் இரணைமடுவின் முழுமட்டம் 36 அடி. அதை மேல் சட்சமாகவும் (‘ச’) 24 அடியைக் கீழ்ச் சட்சமாகவும் வைத்தால் இடையிலுள்ள பன்னிரண்டு அடியும் பன்னிரண்டு சுரத்தானங்களாகிவிடும், அதாவது அடிக்கு ஓர் அரைச்சுரம். 24க்குக் கீழே நாதஸ்வரம் வாய் திறக்க வேண்டாம். நாதஸ்வரக்காரரை ஆறடி தள்ளி நின்று சட்சம், அந்தர காந்தாரம், பஞ்சமம், மேல் சட்சம் நான்கையும் நீட்டி ஊதச் சொல்லிப் பதியுங்கள். மற்றவற்றை ஓடாசிற்றியில் சுருதி மாற்றி எடுக்கலாம். இரண்டு அரைச்சுரத்துக்கு மேல் நகர்த்தினால் நாதஸ்வரம் குழந்தைபோல் கீச்சிடும். அங்குலங்களையும் வீசிவிடாதீர்கள். நான்கு அங்குலம் அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்கு. அந்த இழைவு நாதஸ்வரத்துக்கு இயல்பானது.

இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் பறை முந்தும், நாதஸ்வரம் பிந்தி ஏறும். கனகராயன் ஆறு தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்க எடுக்கும் நேரம் அது. வரைபடத்தில் இதைக் கவனிக்காத பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள்.

2018ஆம் ஆண்டுக் கணக்கை இப்படிச் செய்து அண்ணாவியாருக்குப் போட்டுக் காட்டினேன். வெள்ளம் வந்த டிசம்பர் 21, 22 வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வான்கதவு எங்கே திறந்தது? அது கேட்கவில்லையே” என்றார். மிகை நீரை வெளியேற்றும் அந்தக் கதவு திறந்த இடத்தில், கூத்தில் தட்டும் சல்லாரித் தாளத்தை ஒருமுறை தட்டிச் சேர்த்தோம்.