மாதிரி விமானத்தில் சர்வோவைப் பொருத்தும் முறை

விமானத்தின் அசையும் பரப்புகளை இயக்கும் சிறு மோட்டார்ப் பெட்டியான சர்வோவை மரத்தில் திருகுவதற்கு முன்பே அதை நடுநிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மின்மோட்டாரில் பறக்கும் விமானமானால் முதலில் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரில் (கையில் வைத்து இயக்கும் ரேடியோ கருவியில்) நடுநிலையைச் சற்றே நகர்த்தும் அமைப்புகளான டிரிம், சப்-டிரிம் இரண்டையும் பூஜ்யத்தில் வைத்து, சர்வோவை விமானத்திலுள்ள ரிசீவருடன் இணைத்து மின்சாரம் கொடுத்தால், ஏறத்தாழ 1500 மைக்ரோவிநாடித் துடிப்பில் அதன் அச்சு நடுவில் வந்து நிற்கும். அந்த நிலையிலேயே, சர்வோவின் அசைவைப் பரப்புக்குக் கடத்தும் கம்பியான புஷ்ராடுக்குச் செங்குத்தாக இருக்குமாறு, அச்சின் மேல் சர்வோக் கையை மாட்ட வேண்டும். அச்சிலுள்ள பற்கள் இடம் கொடுக்காமல் கை சற்றே சாய்ந்து நின்றால், நான்கு கைகள் உள்ள துண்டை எடுத்து ஒவ்வொரு கையாக வைத்துப் பாருங்கள். அச்சில் 25 பற்கள் இருக்கும்போது, 25 நான்கால் வகுபடாததால், ஒவ்வொரு கையும் சிறிது வேறுபட்ட கோணத்தில் அமையும். அதன் பின்னும் எஞ்சும் சிறு பிழையை மட்டும் சப்-டிரிம்மால் திருத்தலாம்.

ரப்பர் குரோமெட்டுடன் (திருகுத் துளையில் செருகும் வளையத்துடன்) வரும் சர்வோக்களில், அதனுள் செருகும் பித்தளைக் குழலின் விளிம்பு மரத்தின் பக்கம் இருக்க வேண்டும். திருகின் தலை குழலைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். ரப்பர் நசுங்கினால் அதிர்வைத் தாங்கும் தன்மையை இழந்துவிடும். சர்வோவின் உடல் மரச்சட்டத்தை உரசாமல் சுற்றிலும் சிறு இடைவெளி இருக்கட்டும். மெல்லிய துளையிட்டு, திருகை ஒருமுறை ஏற்றி இறக்கி, துளையில் ஒரு சொட்டு நீர்த்த சூப்பர் குளூ விட்டு நன்றாக உலர்ந்த பிறகு மீண்டும் முடுக்கினால், மென்மையான மரத்திலும் பிடிப்பு நிலைக்கும்.

அதிகப் பொறுமை தேவைப்படுவது புஷ்ராடை இணைக்கும்போதுதான். பரப்பில் பொருத்தும் சிறு நெம்புகோலான கன்ட்ரோல் ஹார்னின் துளைகள், பரப்பு மடங்கும் கீல்கோட்டுக்கு நேர் மேலே அமையாவிட்டால், பரப்பு மேலும் கீழும் சமமாக அசையாது. சர்வோக் கையில் உட்புறத் துளையையும் ஹார்னில் வெளிப்புறத் துளையையும் பயன்படுத்தினால் அசைவு குறைந்து விசை கூடும். இணைப்புகளில் உள்ள தளர்ச்சியும் பரப்பில் குறைவாகவே தெரியும். இதற்கு மாறாகத் துளைகளைத் தேர்ந்துவிட்டு, மிகுதியான அசைவை டிரான்ஸ்மிட்டரில் பாதியாகக் குறைப்பவர்கள், சர்வோவின் நுண்மையிலும் பாதியை இழக்கிறார்கள். தளர்ச்சியை ஒருபோதும் சிறிதென்று விட்டுவிடக் கூடாது. வேகம் கூடும்போது பரப்பு படபடத்து, கீலோடு பிய்ந்து போகக்கூடும். நீண்ட மெல்லிய கம்பி தள்ளும்போது வளையும் என்பதால் அதற்கு இடையில் தாங்கல் கொடுங்கள். புஷ்ராடின் முனையிலுள்ள கவ்வியான கிளெவிஸ் திறந்துகொள்ளாதபடி அதன்மேல் சிலிக்கான் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள்.

சர்வோக் கையின் நடுத்திருகை முடுக்க மறவாதீர்கள். டிரான்ஸ்மிட்டரின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பரப்பு) மேலேயும் இடதுடையது கீழேயும் செல்ல வேண்டும். தன்பக்கம் இழுத்தால் எலிவேட்டர் (வாலில் கிடைமட்டமாக அசையும் பரப்பு) உயர வேண்டும். குச்சியைக் கடைசி எல்லைவரை தள்ளிப் பிடிக்கும்போது சர்வோ விடாமல் ரீங்கரித்தால், ஏதோ ஓரிடத்தில் இணைப்பு முட்டி நிற்கிறது என்று கொள்ளலாம். அந்த நிலையில் அது மிகுதியான மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும் என்பதால், முட்டும் இடத்தைக் கண்டு சரிசெய்யும் வரை பறக்கவிட வேண்டாம்.