எம்.டெக்கில் சிஸ்டம்ஸ் செக்யூரிட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருச்சி பக்கம் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்குப் போகும்போதெல்லாம், நாங்கள் படித்த காலத்துத் தவறுகளையே திரும்பப் பார்க்கிறேன். பாஸ்வேர்டு, அப்டேட் சமாச்சாரங்களை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும்.

யாரிடமிருந்து காக்கிறோம் என்று எழுதாமல் தொடங்குவது

மாணவி ஒருவர் நெல் கொள்முதல் நிலையத்துக்குச் செயலி செய்திருந்தார். மூட்டை எடை, ஈரப்பதம் எல்லாம் ஏஇஎஸ்-256 என்ற வலுவான குறியாக்கத்தில் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றுவது) சர்வருக்குப் போகும். கோட் அவ்வளவு சுத்தம்.

"யாருக்குப் பயந்தும்மா இவ்வளவும்?"

"ஹேக்கருக்கு, சார்."

எந்த ஹேக்கர்? ஒரு விவசாயியின் மூட்டை எடையை ஒட்டுக்கேட்டு யாருக்கு என்ன லாபம்? வழியில் யாரும் எண்ணை மாற்றாமலிருக்க இணையத் தொடர்பைக் காக்கும் வழக்கமான டிஎல்எஸ் நெறிமுறையே போதும். ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழை கெடுத்தால் அரசு தளர்த்தும். அந்த வரம்பை ஒட்டித்தான் நெல் போகுமா, திரும்புமா என்பதே இருக்கிறது. அப்படியானால் ஆபத்து, மீட்டரைப் பார்த்து எண்ணைத் தட்டும் இடத்தில். 16 காட்டியதை 19 என்று தட்டினால், ஏஇஎஸ் அந்த 19-ஐத்தான் காக்கும்.

இதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. பிள்ளைகள் மாதக்கணக்கில் உழைத்த பிறகு, கடைசி ரிவ்யூவில்தான் இது வெளியே வருகிறது. எதிராளி யார், அவர் கைக்கு எது எட்டும், எது எட்டாது என்று முதல் வாரமே ஒரு பக்கம் எழுதுங்கள். கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975 கட்டுரையில் சொன்ன எட்டுக் கொள்கைகளில் ஒன்று, இரண்டு சாவி சேர்ந்தால்தான் பூட்டு திறக்க வேண்டும் என்பது. மீட்டரே அளவை அனுப்பட்டும், விவசாயியின் போனுக்கும் அது உடனே வரட்டும், நிலைய ஊழியரும் விவசாயியும் ஒப்புக்கொண்டால் பதிவாகட்டும். அந்த ஒரு பக்கம் இருந்திருந்தால் மாணவியே இதற்கு வந்திருப்பார்.

பழைய தாக்குதலை மட்டும் வைத்துச் சோதிப்பது

உங்கள் தடுப்பைப் படித்துவிட்டு வருகிறவர்தான் எதிராளி. நிரல் தற்காலிகமாகத் தரவு வைக்கும் நினைவகப் பகுதிதான் ஸ்டாக். தாக்குபவர் அங்கே நுழைத்த கோட் ஓடாதபடி தடுத்தார்கள். சரி, 2007-ல் ஹோவாவ் ஷாச்சம் என்ற ஆய்வாளர், நிரலில் ஏற்கெனவே உள்ள துணுக்குகளைக் கோத்தே வேண்டியதைச் செய்யவைக்கலாம் என்று காட்டிவிட்டார்.

சொந்தமாகக் குறியாக்க முறை எழுதுவது

வேண்டாம்.

சி மொழி தெரியாமல் காளி லினக்ஸில் இறங்குவது

காளி, ஊடுருவல் சோதனைக் கருவிகள் நிறைந்த இயங்குதளம். அதற்கு முன், ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் ஜிடிபி-யில் ஒரு ஸ்டாக் ஃப்ரேமை, அதாவது ஒரு ஃபங்ஷன் அழைப்புக்கான ஸ்டாக் பகுதியை, வாசியுங்கள்.

கேட்காமல் கல்லூரி சர்வரில் கைவைப்பது

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவுகள் 43, 66 அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினியில் நுழைவதைப் பற்றியவை. எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சொந்த லேப்டாப்பில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் போட்டுக்கொள்ளுங்கள், பழகுவதற்கு அது போதும்.