உணவங்காடியில் சுட்ட திருக்கை வாங்கிச் சாப்பிடும் முறை

சிங்கப்பூரில் சுட்ட கடலுணவு விற்கும் பழைய கடைகளைத் தேடுவோர் நியூட்டன் உணவங்காடிக்கோ, சிராங்கூன் கார்டன்ஸில் உள்ள சோம்ப் சோம்ப்புக்கோ, ஈஸ்ட் கோஸ்ட் லகூனுக்கோ பொழுது சாயும் முன்பே போய்விடுவது நல்லது. முதலில் மேசையைப் பிடித்து, அதன் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, பிறகு கடைக்குச் செல்லுங்கள். காலி மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது வேறொருவர் பிடித்துவைத்த இடம் என்று பொருள்.

வாழையிலை விரித்த சூடான தட்டில், மேலே சம்பல் என்னும் மிளகாய் விழுதைப் பூசி, கேட்ட பிறகே சுட்டுத் தருவதால் நேரமாகும் என்பதை எண்ணித் திருக்கையை முதலில் சொல்லிவிட்டு, காத்திருக்கும் வேளையில் வேறு கடையில் சத்தே (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி) வாங்கிக்கொள்ளலாம். மீன் பனிக்கட்டிமேல் பார்வைக்கு இருந்தால் சற்றுக் குனிந்து முகர்ந்து பாருங்கள். திருக்கையின் உடலில் உள்ள யூரியா, மீன் பழசாகும்போது அம்மோனியாவாக மாறுவதால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். எவ்வளவு காரமான சம்பலாலும் அதை மறைக்க முடியாது.

திருக்கைக்குப் பெரும்பாலும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பலகையிலேயே விலை இருக்கும். இறாலும் நண்டும் அப்படியல்ல; எடைக்கணக்கில் விற்கப்படுபவற்றுக்கு, மொத்தம் எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும் என்று எடை போட்டவுடனேயே கேட்டுவிட வேண்டும். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டு, ஆறு இறாலுக்கு ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவைக் கொடுத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

திருக்கையில் முள் இல்லை. சீப்பின் பற்களைப் போல வரிசையாக ஓடும் குருத்தெலும்புதான் உண்டு. ஆகவே குறுக்கே வெட்டாமல், தடித்த பக்கத்தில் முட்கரண்டியை வைத்து அந்த வரிகளின் போக்கிலேயே ஓரத்தை நோக்கித் தள்ளினால் சதை நார்நாராகக் கழன்று வரும். மேற்பக்கம் முடிந்ததும் திருப்பிப் போடுங்கள். இலையை ஒட்டிய அடிப்பக்கத்துச் சதைதான் என் கணக்கில் ருசி மிகுந்தது. சில கடைகளில் கூடவே வரும் சின்சாலோக், கூனி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்தது. அதில் சிறு எலுமிச்சையைப் பிழிந்து, நறுக்கிய சின்ன வெங்காயத்தோடு கலந்து, ஒரு துளி மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள். கூனிக் கருவாட்டில் வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

சாப்பிட்டபின் தட்டுகளை நீங்களே திரும்ப வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும். பலகையைப் பார்த்து வையுங்கள்.