சிங்கப்பூர்லயும் பைப் உறையும், வெடிக்கும்: லீவுக்கு ஊருக்குக் கிளம்புறவங்களுக்கு

டிசம்பர் வந்தா டொரோண்டோல இருக்கற என் மச்சான் போன் பண்ணி, பைப் உறைஞ்சு வெடிச்சிடக் கூடாதுன்னு ராத்திரி பூரா டேப்பை லேசா சொட்ட விட்டு வச்சிருக்கோம்னு புலம்புவான், நான் இங்க ஃபேனை மூணுல வச்சுட்டு சிரிப்பேன். 2018 ஜனவரில 21 டிகிரி பக்கம் இறங்கினதுக்கே நம்மாளுங்க ஸ்வெட்டர் போட்டு போட்டோ போட்டாங்க, நமக்கெல்லாம் ஏது ஐஸ். ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்கூல் லீவுக்கு திருச்சி போயிருந்தப்ப பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டி வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்புனாங்க, எங்க வீட்டுக் கதவுக்கு அடியில இருந்து தண்ணி காரிடார்ல ஓடுது. அன்னைலேர்ந்து அவனைப் பார்த்து சிரிக்கறதில்ல.

வெடிச்சது என்னன்னா கிச்சன் சிங்க்குக்கு அடியில இருக்கற ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ், கம்பி பின்னுன மாதிரி பளபளன்னு இருக்குமே அதுதான். உள்ள இருக்கறது வெறும் ரப்பர் மாதிரி குழாய், தண்ணியோட அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கறது வெளில இருக்கற கம்பிப் பின்னல்தான், அது ஒரு இடத்துல துருப்புடிச்சு அறுந்தா உள்ள இருக்கற குழாய் பலூன் மாதிரி உப்பி கிழிஞ்சுடும். நம்ம எல்லாருமே சிங்க்குக்குக் கீழதான் ப்ளீச், டாய்லெட் கிளீனர் எல்லாம் அடுக்கி வைப்போம், அந்தக் குளோரின் ஆவி இந்தக் கம்பியைத் தின்னுடும்னு எனக்கு வந்த பிளம்பர்தான் சொன்னார். பாட்டிலை வேற இடத்துக்கு மாத்துங்க முதல்ல. அப்புறம் டார்ச் அடிச்சு ஒவ்வொரு ஹோஸையும் பாருங்க, பழுப்புப் புள்ளி, பிரிஞ்ச கம்பி, ரெண்டு முனையிலயும் வெள்ளையா உப்புப் பூத்த மாதிரி, ஏதாவது ஒண்ணு இருந்தா யோசிக்காம மாத்திடுங்க. ஒண்ணுமே தெரியலன்னாலும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறது நல்லது, ஹார்ட்வேர் கடைல பெரிய விலையெல்லாம் இல்ல. பேசின், டாய்லெட் டேங்க், வாஷிங் மெஷின் ஹோஸையும் விட்றாதீங்க, மெஷினுக்கு துணி துவைச்சு முடிச்சதும் டேப்பை மூடற பழக்கம் இருந்தா இன்னும் நல்லது.

தண்ணி பில்லு பத்தி பயப்படறவங்களுக்கு ஒரு கணக்கு. நிமிஷத்துக்கு 10 லிட்டர்னு வச்சாலும் ஒரு நாளைக்கு 14,400 லிட்டர், 2025 ஏப்ரல்லேர்ந்து ஆயிரம் லிட்டர் 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 24 காசு (மாசம் 40 ஆயிரம் லிட்டர் வரைக்கும்), ஜிஎஸ்டி சேர்த்தாலும் 51 வெள்ளி பக்கம்தான். பில்லு ஒண்ணுமே இல்லைங்க. வைனில் தரை உப்பி எழும்பி, கிச்சன் கேபினெட் அடிப்பலகை எல்லாம் ஊறி, கீழ் வீட்டு சீலிங்கை நான் பெயின்ட் அடிச்சுக் குடுத்து, அதுலதான் காசு போச்சு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், HDB) தீ காப்புறுதி இருக்கேன்னு நினைக்காதீங்க, அது நம்ம சோஃபா மெத்தைக்கெல்லாம் கிடையாது, வீட்டுப் பொருளுக்குத் தனியா எடுத்திருந்தாத்தான் உண்டு.

சரி, இதையெல்லாம் விட முக்கியமானது, வீட்டை விட்டுக் கிளம்பறப்ப மெயின் வால்வை மூடறது. வீவக வீட்ல பெரும்பாலும் வாசலுக்கு வெளில காரிடார் பக்கம் மீட்டர் அலமாரில இருக்கும், பக்கத்து வீட்டு மீட்டரும் அதுக்குள்ளயே இருக்கும் அதனால யூனிட் நம்பரைப் பார்த்துக்குங்க, நான் ஒரு தடவை அவசரத்துல எதிர் வீட்டுக்கு மூடிட்டு பாதி சோப்போட நின்ன அங்கிள்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். கைப்பிடி மாதிரி இருந்தா பைப்புக்குக் குறுக்கா திருப்பணும், சக்கரம் மாதிரி இருந்தா கடிகாரம் சுத்தற பக்கம். கிளம்பற அன்னைக்கு டாக்ஸி கீழ நிக்கறப்ப முதல் தடவையா இதைத் தொடாதீங்க, பல வருஷம் திருப்பாத வால்வு இறுகிக் கிடக்கும், ஒரு வாரம் முன்னாடியே திருப்பிப் பாருங்க, வரலன்னா முரட்டுத்தனமா இழுக்காம லைசென்ஸ் உள்ள பிளம்பரைக் கூப்பிடுங்க. அப்பவே இன்னொண்ணும் பண்ணிடலாம், எல்லா டேப்பையும் மூடிட்டு மீட்டர் நம்பரை எழுதி வச்சு ஒரு மணி நேரம் யாரும் தண்ணியைத் தொடாம இருந்து மறுபடி பாருங்க, நம்பர் நகர்ந்திருந்தா எங்கயோ ஒழுகுது.

வாட்டர் ஹீட்டர் சுவிட்சை ஆஃப் பண்ணிடுங்க.

இப்ப ஐஸ் கதை. நம்ம ஊர்ல பைப் உறையற ஒரே இடம் ஏர்கான். காத்து குறைவா வருது, கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து தண்ணி கொட்டுது, மூடியைத் திறந்தா காயில் (காத்தைக் குளிராக்கற வளைஞ்ச பைப்) மேல வெள்ளையா ஐஸ். பாதி நேரம் ஃபில்டர்ல தூசி அடைச்சிருக்கும், அறைக் காத்து காயில் மேல போதுமான அளவு படாததால அது பூஜ்யத்துக்குக் கீழ போய் உறைஞ்சுடுது. கூலிங்கை நிறுத்திட்டு ஃபேன் மட்டும் ஓட விடுங்க, ஐஸ் தானா கரையும், கத்தி ஸ்பூன் எதையும் வச்சுக் குத்தாதீங்க காயில் ஓட்டையாயிடும். ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவினாலே போதும். கழுவியும் திரும்ப ஐஸ் கட்டுச்சுன்னா கேஸ் குறைஞ்சிருக்கலாம், இங்கதான் உஷார், ஏர்கான் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போற சாமான் இல்ல, குறைஞ்சா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம், கசிவைப் பார்க்காம "டாப் அப் பண்ணிடலாம்"னு சொல்ற ஆளுக்குக் காசு குடுக்காதீங்க, ரெண்டு மாசத்துல அதே ஆள் திரும்ப வருவார்.

ஊருக்குப் போறப்ப டாய்லெட் பௌலையும் ஃப்ளோர் ட்ராப்பையும் (தரையில தண்ணி வடியற ஓட்டை) மூடி வைங்க, டெங்கி கொசு அங்கயும் முட்டை வைக்கும்.

சாவி ஒண்ணு பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போங்க, வால்வு எங்க இருக்குன்னும் கையைப் பிடிச்சுக் காட்டிடுங்க. உள்ள தண்ணி நின்னா முதல்ல வெளில இருக்கற வால்வை மூடணும், தரையில தண்ணி இருக்கறப்ப சுவிட்ச் பக்கமே போகக் கூடாதுன்னும் சொல்லி வைங்க, எங்க ஆன்ட்டி அன்னைக்கு செருப்பில்லாம உள்ள போயிட்டாங்க, நினைச்சா இன்னும் பக்குங்குது.

திரும்பி வந்ததும் வால்வை மெதுவா திறங்க, சட்டுன்னு திறந்தா பைப்புல அடி விழற மாதிரி டம்முனு அழுத்தம் ஏறும். டேப்பை ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஓட விட்டு காத்தெல்லாம் போனதுக்கு அப்புறம், ஷவர்லயும் தண்ணி ஒழுங்கா வருதான்னு பார்த்துட்டு, அப்பதான் ஹீட்டரை ஆன் பண்ணணும்.