கை நின்ன இடம்: உங்க ஃபேவரிட் பட லிஸ்ட்டை நீங்களே போடுறது எப்படி

உனக்கு புடிச்ச படம் எதுன்னு யாராவது கேட்டா வாய்ல மொதல்ல வர்ற பேரு பாதி நேரம் பொய்யாத்தான் இருக்கும், எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்ல காட்பாடி ஜங்ஷன்ல டிரெய்னுக்கு நிக்கும்போது ஒரு சீனியர் கேட்டாரு, நான் யோசிக்கவே இல்ல, நாயகன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டாரு. "செம மேக்கிங்ணா"ன்னேன். அவரும் பெரிய மனுஷன் மாதிரி தலைய ஆட்டிட்டு டீ குடிக்கப் போய்ட்டாரு. உண்மை என்னன்னா அப்போ நான் நாயகன முழுசா பாத்ததே கெடையாது, டிவில பாதிலேர்ந்து ரெண்டு தடவை பாத்தது அவ்ளோதான், மணிரத்னம் பேரும் 1987ம் தெரியும், கமலுக்கு நேஷனல் அவார்டு குடுத்தாங்கன்னு தெரியும், அத வெச்சே ஓட்டிட்டேன்.

அதுக்கப்புறம் பல வருஷம் கழிச்சுத்தான் எனக்கே எனக்குன்னு ஒரு லிஸ்ட் போட்டேன். எப்படி போட்டேன்னு சொல்றேன், நீங்களும் போட்டுப் பாருங்க, ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் போதும்.

மொதல்ல ஃபோனைத் தூக்கி தூரமா வைங்க. ஃபோன் கைல இருந்தா எவனோ போட்ட டாப் 100 வந்து நிக்கும், அதப் பாத்ததும் "அட ஆமா இதுவும் நமக்கு புடிக்கும்ல"ன்னு தோணும், அப்புறம் அது உங்க லிஸ்ட் இல்ல. கல்யாணப் பத்திரிகை ஏதாவது வீட்டுல கெடக்கும், அதோட பின்பக்கம் போதும். பத்து நிமிஷம், ஞாபகம் வர்றத மட்டும் எழுதுங்க. படத்தோட பேரு வரலன்னா பரவால்ல, சீனை எழுதுங்க, "மழைல பஸ்சு நிக்கும்"னு எழுதினாலும் சரி. டிவில சேனல் மாத்திட்டே போகும்போது எந்தப் படம் வந்தா ரிமோட்ட கீழ வெச்சிடுறீங்களோ அது கண்டிப்பா உள்ள வரணும், அது பாதில ஓடினாலும், விளம்பரம் பதினஞ்சு நிமிஷம் போட்டாலும் நீங்க எழுந்து போகாத படம்.

இந்த ரிமோட் விஷயத்த நான் எங்க அம்மா கிட்டேர்ந்துதான் புடிச்சேன். எங்க வீடு குடியாத்தம் பக்கம், அம்மா பீடி சுத்துவாங்க. மடில மொறம், அதுல வெட்டின எலை, தூளு, நூலு, எதிர்ல டிவி. ஆயிரம் பீடிக்கு இவ்ளோன்னு கூலி, அதனால கை நிக்கவே நிக்காது, கண்ணு மட்டும் டிவில இருக்கும், கை பாட்டுக்கு சுத்திட்டே இருக்கும். ஆனா சில சீன்ல அந்தக் கை நின்னுடும். எலை பாதி மடிச்சது மடிச்சபடி இருக்கும். நான் சின்னப் பையன், டிவிய விட்டுட்டு அம்மா கையத்தான் பாப்பேன், ஆஹா இது நல்ல சீனு போலன்னு தெரிஞ்சுக்குவேன். இன்னிக்கு வரைக்கும் எனக்கு விமர்சனம்னா அதுதான், ஒன்றரை மணி நேரம் யூடியூப்ல பேசுறவங்க சொல்லாதத அந்தக் கை சொல்லிடும்.

ஸோ லிஸ்ட் எழுதினதும் ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல எழுத வேண்டியது கதை இல்ல, உங்க கை எங்க நின்னுச்சுன்ற எடம். ஒரே ஒரு சீன். கதைய எழுதவே எழுதாதீங்க. நம்ம வட ஆற்காடு பக்கம் பாரதக் கூத்து பாத்திருப்பீங்க, பதினெட்டு நாளும் பாரதம் நடத்துற ஊரெல்லாம் இருக்கு, அங்க ஒக்காந்திருக்கற எந்தக் கெழவிக்காவது துரியோதனன் சாவான்னு தெரியாதா, தெரியும், எல்லாருக்கும் தெரியும், இருந்தும் அவன் சாகற படுகளத்தன்னிக்கு திரௌபதி கூந்தல் முடியற அந்த ஒரு எடத்துக்காக வெய்யில்ல காத்துக் கெடப்பாங்க. சினிமாவும் நமக்கு அப்படித்தான். ஸ்பாய்லர் ஸ்பாய்லர்னு கத்துறதெல்லாம் இப்போ வந்த பழக்கம்.

என் லிஸ்ட்ல மொதல் பேரு முள்ளும் மலரும், 1978, மகேந்திரன் டைரக்ட் பண்ண மொத படம், கேமரா பாலு மகேந்திரா, மியூசிக் இளையராஜா. ரஜினி இதுல காளி, வின்ச் ஆபரேட்டர், தங்கச்சி வள்ளின்னா உயிரு, புதுசா வந்த இன்ஜினியர கண்டா ஆகாது. தங்கச்சிக்கு அந்த இன்ஜினியரத்தான் புடிக்கும். கடைசில வள்ளி எல்லாரையும் விட்டுட்டு அண்ணன் கிட்ட ஓடி வந்துடும், இவனுக்கு அது போதும், நீங்க யாரும் வேணாம் எங்கண்ணன்தான்னு வந்துட்டா பாருன்னு ஒரு பெருமை, உடனே அவனே அவள அந்த இன்ஜினியருக்கு கட்டிக் குடுக்க சம்மதிச்சுடுவான். ஆனா சம்மதிக்கும்போது, எனக்கு இன்னமும் உங்கள புடிக்கலன்னு அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் சம்மதிப்பான். என் கை நின்ன எடம் அதுதான். மத்த படமா இருந்தா ஹீரோ திருந்திடுவான், கட்டிப் புடிச்சு அழுவான், இவன் திருந்தவே இல்ல, மாறவே இல்ல, மாறாமலே விட்டுக் குடுக்கறான். எங்க சொந்தத்துல அந்த மாதிரி மாமனுங்க நாலு பேராவது இருக்காங்க, கல்யாணத்துக்கு வந்து மொய்யும் வெச்சுட்டு "எனக்கு புடிக்கலப்பா"ன்னு சொல்லிட்டு பந்தில ஒக்காருவாங்க.

இப்போ முக்கியமான வேல, நீங்க எழுதின காரணத்த சோதிக்கறது. ரொம்ப சிம்பிள். எழுதின வரில அந்தப் படத்தோட பேர எடுத்துட்டு வேற படத்தோட பேரப் போட்டுப் பாருங்க. அப்பவும் பொருந்துச்சுன்னா அது காரணமே இல்ல, அடிச்சிடுங்க. வேலூர் கிரீன் சர்க்கிள் கிட்ட டீ குடிக்கும்போது என் ஃப்ரெண்டுகிட்ட இத செஞ்சு பாத்தேன்.

"இன்னா படம்டா உனக்கு புடிக்கும்?"

"அன்பே சிவம் மச்சான்."

"ஏன்?"

"இன்னாடா கேள்வி இது, ஃபீல் குட் மூவிடா, கமல் வேற லெவல்ல பண்ணிக்கிறாரு, டயலாக்கெல்லாம் செமையா இருக்கும்."

"இத அப்படியே மகாநதிக்கு சொல்லலாமா?"

கொஞ்ச நேரம் யோசிச்சான். "ஃபீல் குட்டுத்தான் ஒதைக்குது, மத்ததெல்லாம் சொல்லலாம்."

"அப்போ இன்னும் நீ காரணமே சொல்லல."

கோவம் வந்துடுச்சு அவனுக்கு, டீ காசு கூட நான்தான் குடுத்தேன். ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு வாய்ஸ் நோட் அனுப்பறான், மச்சான், அந்தப் படத்துல ரெண்டு பேரும் ஊருக்குப் போக முடியாம மாட்டிக்கினு ஒண்ணா போவாங்கல்ல, எனக்கு பக்கத்துல ஒக்கார்ற ஆள புடிக்காம ஆரம்பிச்சு எறங்கும்போது நம்பர் கேட்ட டிரெய்ன் பயணம் ஒண்ணு இருக்குடா, அதான் அந்தப் படம் எனக்கு அப்படின்னான். அப்படி வரணும். மேக்கிங், கல்ட், மாஸ்டர்பீஸ், வேற லெவல், இந்த நாலு வார்த்தையும் இல்லாம எழுதிப் பாருங்க, கொஞ்சம் வேர்க்கும்.

எங்க நைனா இதுல கில்லாடி, அவருக்கு இந்த டெஸ்ட்டெல்லாம் தேவையே இல்ல. அவருக்கு எங்க வீட்டுப் பிள்ளை, 1965 படம், எம்ஜிஆர் ரெட்டை வேஷம், நம்பியார் கிட்ட அடி வாங்கியே பயந்து கெடக்கற ஒருத்தன், அவன் எடத்துக்கு மாறி வந்து சாட்டைய புடுங்கி திருப்பி அடிக்கற இன்னொருத்தன். நைனா அத பாத்தது பல வருஷம் கழிச்சு டெண்ட்டு கொட்டாய்ல திரும்ப ஓட்டும்போது. அப்போ அவருக்கு பதினாறு வயசு, தோல் பதப்படுத்தற ஒரு டேனரில வேல, அந்த வாரம்தான் மேஸ்திரி அவர எல்லார் முன்னாடியும் கன்னத்துல அடிச்சிருந்தாராம். "அந்தாளு சாட்டைய எடுத்தப்போ எனக்கு கன்னம் வலிச்சது நின்னு போச்சு"ன்னு சொன்னாரு. இத வேற எந்தப் படத்துக்கு மாத்திப் போடுவீங்க? அதனால படம் பேருக்குப் பக்கத்துல எங்க பாத்தீங்க, யாரோட பாத்தீங்க, அப்போ உங்க வாழ்க்கைல என்ன ஓடிட்டு இருந்துச்சு, அதையும் ஒரு வரி எழுதுங்க. அது படத்துக்கு சம்பந்தம் இல்லன்னு சொல்றவங்கள நம்பாதீங்க.

வெக்கப்படுற படம் ஒண்ணாவது லிஸ்ட்ல இருக்கணும். இல்லன்னா நீங்க இன்னும் யாருக்கோ பயந்து எழுதுறீங்கன்னு அர்த்தம். எனக்கு அது அம்மன், 1995ல தெலுங்குல வந்து இங்க டப்பிங் ஆன படம், கோடி ராமகிருஷ்ணா டைரக்‌ஷன், ரம்யா கிருஷ்ணன் அம்மனா வருவாங்க. எங்க ஆயா என்னை இட்டுனு போச்சு. கடைசில அம்மன் ஆவேசமா வர்ற எடத்துல ஆயா சீட்ட விட்டு எழுந்து ஆட ஆரம்பிச்சிடுச்சு, அதப் பாத்து முன்னாடி வரிசைல இன்னும் ரெண்டு பேரு, எனக்கு ஒண்ணும் புரியாம அழுகை, டிக்கெட் கிழிக்கறவரு கைல வேப்பிலையோட ஓடி வர்றாரு. யோசிச்சுப் பாருங்க, தியேட்டர்ல அந்தாளு வேப்பிலைய ரெடியா வெச்சிருந்திருக்காரு! அந்தப் படத்தோட கிராபிக்ஸ இன்னிக்கு பாத்தா சிரிப்பு வரும், இருக்கட்டும். திரைல வர்றது நெசம்னு ஒரு மனுஷி நம்பினத நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்.

அடுத்து, லிஸ்ட்ல இருக்கற ஏதாவது ரெண்டு படத்துக்காவது திரைக்குப் பின்னாடி யாரு என்ன செஞ்சாங்கன்னு தேடித் தெரிஞ்சுக்குங்க. (இப்போ ஃபோன எடுக்கலாம்.) தில்லானா மோகனாம்பாள் 1968, அதுல சிவாஜி நாதஸ்வரம் வாசிக்கறத பாத்து அவரே ஊதினாருன்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன். வாசிச்சது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள், மியூசிக் கே.வி. மகாதேவன். தெரிஞ்சதும் ஏமாந்த மாதிரிதான் இருந்துச்சு, ஆனா அதுக்கப்புறம் திரும்ப பாத்தேன் பாருங்க, அந்தக் கன்னம் உப்புறது, கழுத்து நரம்பு, மூச்சு விடற எடம், ஒண்ணு கூட தப்பல, இல்லாத காத்த ஊதறாரு மனுஷன். நலந்தானா பாட்டுல அடிபட்ட கையோட அவரு வாசிக்க, பத்மினி ஆடிக்கினே ஒடம்பு எப்படி இருக்குன்னு விசாரிப்பாங்க, சபை முழுக்க ஆளு இருக்கு, ஆனா பேசிக்கறது ரெண்டு பேரு மட்டும். தெரிஞ்சுக்கறதால ரசனை கொறையாது, கூடத்தான் செய்யும். காமெடி படம்னா பேசறவர விட்டுட்டு கேக்கறவர பாருங்க, காதலிக்க நேரமில்லைல நாகேஷ் கதை சொல்லும்போது பாலையா மூஞ்சிய மட்டும் பாத்துட்டே இருங்க, போதும்.

எழுதி முடிச்சு ஒரு மாசம் கழிச்சு சந்தேகமா இருக்கற படத்த திரும்ப பாருங்க. காலேஜ்ல நான் தலைல தூக்கி வெச்சு ஆடின லவ் படம் ஒண்ணு, பேரு வேணாம், போன வருஷம் பொண்டாட்டியோட ஒக்காந்து பாத்தேன், ஹீரோ அந்தப் பொண்ணு பின்னாடியே பஸ் ஸ்டாப் பஸ் ஸ்டாப்பா சுத்துறான், இவ என்னை ஒரு பார்வை பாத்தா, அன்னிக்கே அடிச்சிட்டேன். எதிர்பக்கமும் நடக்கும். காக்கா முட்டை 2015ல பாத்தப்போ பீட்சா சாப்பிடணும்னு அலையற அந்த ரெண்டு பசங்களோடவே நானும் அலைஞ்சேன். இப்போ எனக்கே புள்ள இருக்கு, இப்போ பாத்தா என் கண்ணு அந்த ஆயா மேலதான், தோசை மேல காய வெட்டிப் போட்டு இதான் பீட்சான்னு குடுக்கும் பாருங்க, அந்தக் கெழவி மூஞ்சியத்தான் பாக்கறேன். அதனால தேதி போட்டு எழுதுங்க, லிஸ்ட்டும் வயசாகும்.

நம்பர் போடாதீங்க, ஒண்ணாவது ரெண்டாவதுன்னு போட்டா சண்டைதான் வரும். எத்தன படம்னு கேட்டா, பத்தும் இருக்கலாம் ஏழும் இருக்கலாம்.

கடைசியா வீட்டுல பெரியவங்க லிஸ்ட்டையும் வாங்கிடுங்க, தள்ளிப் போடாதீங்க. அவங்க கிட்ட பேரு கேக்காதீங்க, யாரு நடிச்சது, எந்தக் கொட்டாய்ல பாத்தது, அப்போ வீட்டுல யாரு மாசமா இருந்தாங்க, அப்படி கேட்டா வருஷம் வரைக்கும் கண்டுபுடிச்சிடலாம். எங்கம்மாவுது அப்படித்தான் எடுத்தேன். "ஆத்தங்கரைல ரெண்டு புள்ளைங்க நிக்கும்ல"ன்னாங்க, அது உதிரிப்பூக்கள்னு உடனே தெரிஞ்சிடுச்சு, 1979, அதுவும் மகேந்திரன் படம். இன்னொண்ணு மட்டும் மாட்டவே இல்ல. ஒரு பொம்பள கெணத்துல தண்ணி எறைச்சிக்கினே இருக்குமாம், கொடம் ரொம்பி வழியுமாம், அது பாட்டுக்கு எறைச்சிக்கினே இருக்குமாம், பாட்டும் கெடையாது வசனமும் கெடையாது. கருப்பு வெள்ளையான்னு கேட்டா ஆமாங்கறாங்க, கலரான்னு கேட்டாலும் ஆமாங்கறாங்க. ஆறு மாசமா தேடறேன். "பேரு இன்னாத்துக்குடா, அதான் சொல்றேன்ல"ன்னுட்டு மறுபடியும் எலைய எடுத்துட்டாங்க. லிஸ்ட்ல அவங்க பேருக்கு கீழ "கெணறு"ன்னு மட்டும் எழுதி வெச்சிருக்கேன், உங்க யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.